பழவேற்காட்டுக் கட்டமும் கலபாரி அரச அங்கியும்

மெக்சிகோ நாட்டில் உழவர்கள் கழுத்திலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் சதுரத் துணிக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். அந்நாட்டு விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரான ஹோசே மரியா மொரேலோஸ், தலையில் துணி கட்டிய கோலத்திலேயே ஓவியங்களில் காட்சி தருகிறார். அந்தத் தலைக்கட்டையும் மக்கள் இப்பெயராலேயே சுட்டுகின்றனர். நாவா என்னும் பழங்குடி மொழியிலிருந்து இச்சொல் பிறந்தது என்று சொல்வாரும் அங்கு உண்டு. ஆனால் கப்பல் கணக்குகளைப் புரட்டியவர்களுக்கு இதில் மயக்கம் இராது. 'பலியகாத்தே' என்பது போர்த்துக்கீசியர் வாயில் பழவேற்காடு பட்ட பாடு! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்து நெசவாளர்களும் 'புலிகேட்' என்ற பெயரில் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்து விற்றனர். ஓர் ஊரின் பெயர் துணியின் பெயராகி, அத்துணியை நெய்யாத, ஊரைக் கேள்விப்பட்டும் இராத மக்களின் நாவில் நிலைத்துவிட்டது.

இவ்விரு கரைகளையும் விட்டு மூன்றாவதொரு கரையைப் பற்றியே இங்கு நாம் பேச எண்ணுகிறோம். அங்கே இந்தக் கட்டத் துணி கழுத்துத் துணியாக நின்றுவிடவில்லை. அரசன் அணியும் அங்கியாக உயர்ந்தது. நூல் நூலாக அறுக்கப்பட்டு வேறொரு துணியாக மாறியது. உயர்குடிகளின் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. அதற்கு முன் துணி புறப்பட்ட இடத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்முனை தமிழகத்தைச் சேர்ந்தது. இன்று சென்னையிலிருந்து இறால் வாங்கவும் பூநாரை பார்க்கவும் வருகிறவர்களே அதிகம். ஏரிக்கரைக் குப்பங்களின் மீனவர்கள், யார் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலை கட்டலாம் என்பதைப் 'பாடு' என்ற முறைவைப்பால் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. மீனும் உப்பும் சேறுமாகத் தெரியும் இந்த ஊர் ஒரு காலத்தில் துணிச்சந்தையாக இருந்தது என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர், இத்துறைமுகத்தின் பருத்தித் துணிகள் மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்திராவிலும் நல்ல விலைக்குப் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். அப்போது இது விஜயநகரப் பேரரசின் துறைமுகம்.

டச்சுக்காரர்கள் 1610-இல் சந்திரகிரியிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று, 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே; பின்னரே அது நாகப்பட்டினத்திற்குப் பெயர்ந்தது. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளையும் தீவுகளில் வெள்ளிக்காசை விடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு அதிகம். துணி இல்லையேல் வாசனைப் பொருள் இல்லை. இக்கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை என்று ஹென்ட்ரிக் ப்ரௌவர் 1612-இல் எழுதியது இதனால்தான். துணி நெய்தவர்கள் உள்நாட்டு ஊர்களில் இருந்தனர். கோட்டையில் இருந்தவர்கள் அவர்களை நேரில் கண்டது குறைவு. இடையில் நின்று முன்பணம் கொடுத்துத் துணி திரட்டியவர்கள் செட்டிகள். டச்சு ஆவணங்களில் 'மலாயா' என்ற பெயரில் வரும் அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் கப்பல்களை ஓட்டியும் அரசியலில் தலையிட்டும் பெருவாழ்வு வாழ்ந்தனர்.

சோழமண்டலத் துணி என்றதும் அருங்காட்சியகங்கள் காட்டுவது கலம்காரி வகையைத்தான்: தூரிகையால் கொடியும் மலரும் எழுதிய துணிகள். ஐரோப்பியப் பெருமக்கள் படுக்கைக்கும் சட்டைக்கும் ஆசைப்பட்டு வாங்கியவை அவை. நம் கட்டத் துணி அதன் ஏழைத் தங்கை. அதில் ஓவியம் கிடையாது. நூலை முதலிலேயே சாயம் தோய்த்து, பாவிலும் ஊடையிலும் கணக்குப்படி வைத்து நெய்வதுதான் முழு வேலையும். சிவப்புக்குக் கடலோர மணலில் விளையும் இம்பூறல் வேர், நீலத்துக்கு அவுரி. வண்ணம் நூலிலேயே ஏறியிருப்பதால் இத்துணிக்கு உள்புறம் வெளிப்புறம் என்ற பேதமில்லை. எப்படிச் சுற்றினாலும், எப்படி மடித்தாலும், நல்ல பக்கமே தெரியும். தைக்காமல் சுற்றி உடுக்கும் மக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏறத்தாழ ஒரு கஜச் சதுரங்களாக, எட்டுக் கஜ நீளத்தில் தொடர்ச்சியாக நெய்து, வேண்டியபடி வெட்டிக்கொள்ள விடுவார்கள். உருமால் என்று நாம் சொல்வது இதைத்தான். முதலில் பழவேற்காட்டுத் துறையின் பெயரால் அறியப்பட்ட இவ்வகை, பின்னர் வடக்கே சீராலா முதல் தெற்கே சைதாப்பேட்டை வரை எங்கு நெய்தாலும் அதே பெயரில் விலைபோயிற்று. சென்னைத் துறைமுகம் ஓங்கிய பிறகு 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற வணிகப் பெயர் வந்தது.

ஆங்கிலேயர்களின் பங்கு இங்குதான் தொடங்குகிறது. 1621-இல் அவர்கள் டச்சுக்காரரோடு உடன்படிக்கையின் பேரில் பழவேற்காட்டில் குடியேறிப் பார்த்தனர், நிலைக்கவில்லை. பின்பு ஏரியின் வடபுறம் ஆர்மகானில் ஒரு சிறு பண்டகசாலை வைத்தனர். அங்கிருந்த பிரான்சிஸ் டே, தெற்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லியே 1639-இல் சென்னப்பட்டினத்து மணல்மேட்டைப் பெற்றார். சென்னை மாநகரம் பிறந்ததற்குத் துணி விலையும் ஒரு காரணம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து துணி லண்டனுக்குப் போயிற்று. தம் நாட்டு நெசவாளர்களைக் காக்க வேண்டி ஆங்கிலப் பாராளுமன்றம் 1701-இலும் 1721-இலும் அச்சிட்ட இந்தியத் துணிகளை உடுப்பதற்குத் தடை விதித்தது. ஆனால் வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. லண்டன் ஏலத்தில் எடுத்த இந்தியத் துணிகள் லிவர்பூலிலும் பிரிஸ்டலிலும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே அவற்றுக்கு மாற்றாக ஏறியவை யானைத் தந்தமும் மனிதர்களும். துணியைக் கொடுத்து ஆளை வாங்கினர் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. இந்தக் கணக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு மட்டும் உரியதுமன்று. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் அடிமைகளை ஏற்றிப் பட்டாவியாவுக்குச் சென்றன. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஏற்றம் மிகுந்தது. துணிப்பொதி ஏறிய அதே துறையில்தான் மனிதரும் ஏறினர்.

அப்படித் துணி சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று நைஜர் ஆற்றின் கழிமுகத்துக் கீழைப்பகுதி. அங்கே சதுப்புக் காடுகளிடையே தீவுத் திட்டுகளில் வாழும் மக்கள் கலபாரியர். அடிப்படையில் மீனவர்கள். மீனையும் உப்பையும் கொடுத்து உள்நாட்டுக் கிழங்கு வாங்கியவர்கள், வெளிநாட்டுக் கப்பல்கள் வந்தபின் இடைத்தரகர்களாயினர். அவர்களோடு நெடுங்காலம் வாழ்ந்த ராபின் ஹார்ட்டன், மீன்பிடி ஊரொன்று நகர அரசாக மாறிய வரலாறாகவே இதை எழுதினார். 'வாரி' எனப்படும் பெருங்குடிகள் தோன்றின. போர்ப்படகு ஒன்றை ஆட்களோடு நிறுத்தக்கூடிய வலிமையுள்ள குடிக்கே தனித் தகுதி. எல்லாக் குடிகளுக்கும் மேலே அமச்சிரி மரபைச் சேர்ந்த அரசர். அவருக்கு 'அமன்யனபோ' என்று பட்டம். ஊரை உடையவர் என்பது பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் 'உடையார்' நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1880-களில் உட்பகையால் பழைய தலைநகரைக் கைவிட்டுப் புகுமா, அபோனெமா, பகானா என்ற மூன்று ஊர்களில் குடியேறினர்.

கலபாரி ஆடவரின் உடை, படிவரிசைப்படி அமைந்தது. இளைஞனுக்கு எட்டிபோ, செல்வாக்குள்ள நடுவயதினருக்கு வோகோ, குடித்தலைவர்களுக்கு தோனி, அரசருக்கு எபு என ஏறிச் செல்லும். இந்த 'எபு'தான் நம் கட்டத் துணியால் ஆனது! அகன்ற கழுத்துப்பட்டியோடு நீண்டு தொங்கும் அங்கி. அதே துணியில் இடுப்பில் சுற்றும் உடுப்பு. இங்கு மீனவரும் வண்டிக்காரரும் தலையில் கட்டிய துணிவகை, அங்கே ஊரை உடையவரின் விழாக்கோலமாகிவிட்டது. வெல்வெட்டும் பட்டும் அவர்களுக்குக் கிடைக்காமல் இல்லை. கப்பல்கள் எல்லாவற்றையும் கொண்டு வந்து குவித்தன. அவற்றை விலக்கிப் பருத்திக் கட்டத்தை அரசருக்கு வைத்தது அவர்களது தேர்வு. இத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'இஞ்ஜிரி'. உண்மையான இந்தியத் துணி என்று அதற்குப் பொருள் சொல்கின்றனர்.

அங்கியை மட்டும் பேசி முடித்தால் பாதிக் கதைதான். கலபாரிப் பெண்கள் இத்துணியை எடுத்து, ஊசிமுனையால் ஒரு நூலைத் தூக்கி, சவரக்கத்தியால் அதை அறுத்து, மெல்ல உருவி எடுப்பார்கள். அடுத்து இன்னொரு நூல். வெளிர்நிற நூல்களே பெரும்பாலும் அறுபடுகின்றன. அடர்நிற நூல்கள் நிற்கின்றன. பல நாள் உழைப்புக்குப் பின் பழைய கட்டங்களுக்குள் புதிய வடிவங்கள் எழும். துணி வலைபோல் கண்விட்டு, மென்மையாகி, உடலோடு ஒட்டி விழும். இதற்குப் 'பெலெத்தே பிட்டே' என்று பெயர்: நூல் அறுத்த துணி. இப்படி எழும் வடிவங்களுள் ஒன்று ஆமை, 'இகாகி' என்பார்கள். ஊசியும் கத்தியும் தவிர வேறு கருவியே கிடையாது. நெசவு என்பது நூலைச் சேர்க்கும் தொழில் என்று நினைத்திருக்கும் நமக்கு, நூலைக் கழித்து ஒரு துணியைப் படைக்க முடியும் என்பது வியப்பாகவே இருக்கிறது. நெய்யாத மக்கள், நெய்த துணியில் தம் கையெழுத்தை இட்ட விதம் இது.

ஜோன் ஐக்கரும், கலபாரியரான டோன்யே எரெகோசிமாவும் 1981-இல் இத்துணிகளைப் பற்றி எழுதிய ஆய்வில், வெளியிலிருந்து வந்த பொருளை ஒரு சமூகம் தனதாக்கிக்கொள்ளும் படிகளை விளக்கினர். தேர்ந்தெடுத்தல், பெயரிடல், வாழ்வில் ஓரிடம் தருதல், உருமாற்றல் என்று அவை செல்கின்றன. ஆய்வாளர்களுக்கு வகைப்பாடு பிடிக்கும். நமக்கு அதில் முக்கியமாகப் படுவது, மாற்றுதல் என்பதைச் சிதைத்தல் என்று கொள்ளாமல் உரிமையாக்கல் என்று அவர்கள் கண்டதுதான். அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவர் கையில் இதே துணி கிடைத்திருந்தால் ஒரு நூல்கூட அறுபட விட்டிருக்கமாட்டார். அது கண்ணாடிப் பெட்டியில் மாறாமல் இருந்திருக்கும். எவருக்கும் உறவாகவும் இருந்திராது.

கலபாரிக் குடிகளில் இத்துணிகள் பெட்டிகளில் காக்கப்படுகின்றன. பெட்டிக்குப் பொறுப்பு மூத்த பெண்கள். குழந்தை பிறந்ததற்கும், பேறு கழிந்த பெண் அலங்காரத்தோடு வெளிவருவதற்கும், பெட்டி திறக்கும். முதியவர் இறந்தால் நிச்சயம் திறக்கும். குடும்ப வீட்டின் அறைகளில் கட்டில்களை வரிசையாகத் துணிகளால் அலங்கரித்து, சடங்கு நாட்கள்தோறும் மாற்றி மாற்றி விரிப்பார்கள். வந்து பார்ப்பவர்கள் அத்துணிகளைக் கொண்டே அக்குடியின் தொன்மையை எடைபோடுவார்கள். எத்தனை தலைமுறையாக இக்குடி கடலோடு வணிகம் செய்தது என்பதற்கு அங்கே பட்டயமும் கல்வெட்டும் வேண்டியதில்லை, கட்டிலே சான்று.

சோழமண்டலத் துணியை வெட்டி மாற்றி வைத்துக் காத்த குடிகள் வேறு நாடுகளிலும் உண்டு. ஜப்பானில் ஹிகோனே நாட்டை ஆண்ட ஈ குடும்பம் இத்தகைய துணித் துண்டுகள் ஏறத்தாழ 450-ஐச் சேர்த்து வைத்திருந்தது. அவை இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே தேநீர்ச் சடங்கின் சிறு குப்பிகளுக்கு உறை தைக்கக் கையகலத் துண்டும் போதுமானதாயிற்று. நம் சாந்தோமின் பெயரால் 'சாந்தோமே' என்று ஒரு வரித்துணி வகையும் அவர்களிடம் வழங்கியது. இதையெல்லாம் விரித்தால் கட்டுரை நீளும்; வேறொரு சமயம் பார்க்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஈ குடும்பத்துத் துணிகளுக்கு ஈடாகப் போனது செம்பும் வெள்ளியும். கலபாரிக் குடிகளின் பெட்டியில் இருக்கும் பழந்துணிகளுக்கு ஈடாகப் போனவர்கள் மனிதர்கள்.

இது கலபாரியருக்குத் தெரியாததன்று. உள்நாட்டிலிருந்து வாங்கப்பட்டவர்களில் எல்லோரும் கப்பலேறவில்லை. பலரைக் குடிகள் தம்மிடமே வைத்துக்கொண்டன. அவர்களுக்கு ஒரு தாய் சுட்டப்படுவாள். மொழி கற்றுத் தரப்படும். உடுக்கவும் ஆடவும் பழக்கப்படுவர். அவ்வாறு வந்தவர்களுள் திறமையாலும் செல்வத்தாலும் குடித்தலைவர்களாக உயர்ந்தோரும் உண்டு. புதியவர்கள் சரிவரக் கலபாரியராக மாறினார்களா என்று கண்காணித்து, பேச்சில் பிசிறு தட்டியவர்களைத் தண்டிக்கக் 'கோரோனோக்போ' என்றொரு சங்கமே இருந்தது. விலைக்கு வாங்கிய துணியை நூல் அறுத்துத் தமதாக்கிய அதே குடிகள், விலைக்கு வாங்கிய மனிதரையும் பழைய பெயர், பழைய மொழி என்று ஒவ்வொன்றாக உருவித் தமராக்கின. ஒன்றை வியந்து மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. அந்த அங்கியின் அழகைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும் என்பது நம் கருத்து. 1807-இல் ஆங்கிலேயர் தம் கப்பல்களில் அடிமை வணிகத்தைத் தடை செய்தபின், பனையெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. கட்டத் துணியின் வரவோ நிற்கவில்லை.

சரி, புறப்பட்ட கரையில் என்ன மிஞ்சியது? கெல்டிரியா கோட்டையை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டனர். 1825-இல் ஊர் முற்றாக அவர்கள் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடத்தில் மேடும் முட்புதரும் அகழியின் தடமும் காணலாம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நம்மை வரவேற்கும். உள்ளே வணிகர்கள், அவர்தம் மனைவியர், குழந்தைகள் என்று பெயரும் நாளும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள். நெய்தவர் ஒருவர் பெயரும் அவற்றில் இராது என்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் செட்டிகளின் பெயரும் இல்லை, சாயம் தோய்த்தவர் பெயரும் இல்லை. ஊரில் இன்று காணும் கைவேலை, பெண்கள் பனையோலையில் பின்னும் கூடையும் பெட்டியும்தான். நமது ஊர்களில் குடும்பங்களை எண்ணும்போது 'இத்தனை தலைக்கட்டு' என்கிறோம். வரி பிரிப்பதும் தலைக்கட்டுக் கணக்கில்தான். தலையில் கட்டும் துணியால் குடியை எண்ணும் இச்சொல் மட்டும் நெசவை விட உறுதியாக நின்றுவிட்டது.

நெசவு இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் சீராலாப் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து சென்னை வழியாக நைஜீரியாவுக்குப் பெட்டி பெட்டியாகக் கைக்குட்டைத் துணி சென்றது. நைஜீரிய அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோதெல்லாம் இங்கே தறிகள் நின்றன. கழிமுகத்து அரசியல் நம் நெசவாளர் அடுப்பைத் தொட்டது என்பதை அக்காலத்துச் செய்தித்தாள்களைப் படித்தவர்களும் அவ்வளவாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

கலபாரியருக்கு அண்டையில் வாழும் இக்போ மக்கள் இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்று அழைக்கின்றனர். நம் கோட்டையின் பெயர்தான்! திருமணங்களுக்குப் பொன்னிழையும் சமிக்கியும் வைத்துத் தைத்த ஜார்ஜ் இல்லாமல் அங்கு அலங்காரம் நிறைவதில்லை. கலபாரிப் பெண்கள் மட்டும் இத்தகைய மினுமினுப்பைச் சேர்க்காமல் பழைய பருத்திக் கட்டத்தையே விரித்து வைத்துக்கொண்டு அமர்கின்றனர். ஊசி ஒரு வெள்ளை நூலைத் தூக்குகிறது, கத்தி அறுக்கிறது, விரல் உருவுகிறது. இக்கரையில் யாரோ கணக்குப் பார்த்துப் பாவில் வைத்த நூல் அது.